முதல் பாடும் எங்கள் ஜீப்பும்

எங்கள் ஜீப்புக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், பட்டாளம் வேண்டாமென்று கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் போட்டபோது நைனா அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வண்டிக்குக் கூரை கிடையாது, பின்கதவு கிடையாது. ஆனால் கியர் குச்சி மட்டும் மூன்று இருந்தது. ஒன்று கியர் மாற்றுவதற்கு. மற்ற இரண்டும் எதற்கு என்று கேட்டதற்கு விற்ற ஆள், "சேத்துல மாட்டினா இத்தப் போடு. அப்பவும் வரலன்னா அத்தப் போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நைனா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, எது 'இது', எது 'அது' என்பதை வீடு வந்து சேருவதற்குள் மறந்துவிட்டார்.

விதைநெல் வாங்க எளாவூர் தாண்டிப் போகும்போது செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள். நிறுத்தியவர் வழக்கம்போல வலப்பக்கம் வந்து, யாரும் இல்லாத சீட்டைப் பார்த்து, "எங்க போறே?" என்று கேட்பார். பிறகு இந்தப் பக்கம் பார்ப்பார். அங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாவாடை தாவணியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அது நான். அவர் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தெரியாமல் முழிப்பார். நைனா பக்கத்திலிருந்து, "பொண்ணு ஓட்டுனா இன்னா? வண்டிக்குத் தெரியவா போவுது?" என்பார். தடுப்புத் தடி மேலே போகும்.

முதலில் அண்ணன்தான் ஓட்டினான். எண்ணூர் பக்கம் வேலை கிடைத்து அவன் போன பிறகு வண்டி மாட்டுக்கொட்டகையில் இரண்டு மாதம் நின்றது. நைனாவுக்கு ஓட்டத் தெரியாது. கிளட்சை மிதித்தால் வண்டி தன்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று உறுதியாக நம்பினார். நான் அண்ணனின் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள். ஒருநாள் யாரும் இல்லாதபோது ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். கொட்டகையின் ஒரு கால் சாய்ந்தது, ஆனால் வண்டி நகர்ந்தது. நைனா ஓடிவந்து கொட்டகையைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். மறுநாளிலிருந்து எனக்கு வேலை ஆரம்பமாகிவிட்டது.

வேலை என்று பார்த்தால் அந்த வண்டியைக் குறை சொல்ல முடியாது. எரு அடித்தது. நாற்றுக்கட்டு ஏற்றியது. ஆயில் இஞ்சினைக் கழனிக்குக் கழனி இழுத்தது. களத்தில் பரப்பிய கதிர்மேல் வட்டம் சுற்றி நெல் உதிர்த்தது. மாடுகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பழவேற்காடு ஏரியின் உப்புத்தண்ணீர் கழனிக்குள் ஏறாமல் இருக்கக் கரை கட்ட வேண்டும், அதற்கு மண் அடித்ததும் அந்த வண்டிதான்.

எங்களுக்கு ஏரியோரத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதைப்போலக் குழப்பமான சொத்தை நான் கண்டதில்லை. மழைக்காலத்தில் அதன் கடைசிப் பாத்திகள் ஏரிக்குள் போய்விடும். கோடையில் ஏரி பின்வாங்கும். அப்போது எங்களுடையது எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று நைனாவுக்கே தெரியாது. பட்டாவை வெயிலில் விரித்து வைத்துக்கொண்டு, "இங்கதான் இருக்கணும்" என்பார். அடுத்த வருடம் வேறு இடத்தில் நின்றுகொண்டு அதையே சொல்வார். கடைசியில், எல்லைக்கல் நட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். கல் ஏற்றிப்போவது என் வேலை.

ஆனால் நான் அந்த வண்டியை விரும்பியது வேலைக்காக இல்லை. இதை இப்போதுதான் ஒளிக்காமல் எழுதுகிறேன். பங்குனி சித்திரையில் ஏரியோரம் காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கண்ணுக்கு எட்டியவரை சமதரையாகக் கிடக்கும். ரோடு கிடையாது, வளைவு கிடையாது, எதிரே வரும் வண்டி கிடையாது. கல்லையோ எருவையோ இறக்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வண்டியை அந்தத் தரைக்குத் திருப்புவேன். தூரத்தில் தண்ணீருக்கு நடுவே பசியாவரம் தீவு தெரியும். அதைப் பார்த்து ஓட்டிக்கொண்டே போவேன். பின்னலை அவிழ்த்துக் காற்று அடிக்கும். என்னை யாரும் எதுவும் கேட்க முடியாத இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. வீட்டில் கேட்டால், "இஞ்சின் சூடாச்சு, நிறுத்திட்டு வந்தேன்" என்பேன். எப்போதும் ஏதோ ஒரு வேலைக்குள் அந்தச் சுற்றலை ஒளித்து வைத்துக்கொண்டேன். நாளாக ஆக, வேலைக்குப் போகிறேனா சுற்றப் போகிறேனா என்பது எனக்கே தெரியாமல் போயிற்று.

அந்தத் தரையில் வழி கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் மாட்டுவண்டி போகும் தடத்துக்கு அடையாளமாகக் குச்சி நட்டு, மேலே பழைய துணி கட்டிவிடுவார்கள். குச்சி வரிசை இருந்தால் கீழே தரை கெட்டி, தைரியமாகப் போகலாம். குச்சி இல்லாத இடத்தில் மேலே காய்ந்திருக்கும், உள்ளே களியாக இருக்கும். இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

ஏரிக்கரையில் இருந்த குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள் என் வயதுக்காரி. தைமாதம்தான் கல்யாணமாகி அந்தக் குப்பத்துக்கு வந்திருந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிடுவாள். அந்த மாதம் அவள் சொன்னது ஒரே கதைதான். அவள் புருஷனுக்குப் பாடு வரப்போகிறது.

"இன்னாமே பாடு?" என்று கேட்டேன்.

"எறா ஓடற எடம் ஒண்ணு கீது. வாய்க்காலாட்டம். அங்க எல்லாரும் எல்லா நாளும் வலை கட்ட முடியாதுமே. ஊருல சீட்டு போட்டு, இன்னிக்கு நீ, நாளைக்கு அவன்னு முறை வச்சிக்கினு கீறாங்க. அந்த முறைதான் பாடு. கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் குடுப்பாங்க. எங்க ஊட்டுக்காருக்கு இதான் மொத பாடு."

"அன்னிக்கு விட்டுட்டா?"

"விட்டா போச்சி. அடுத்த நாளு அடுத்தவனுது. வருசத்துக்கு ஒரே நாளுமே, அதுவும் மொத வருசத்துல. இத்தினி நாளா அவரு அடுத்தவங்க வலைதான் இழுத்துக்கினு இருந்தாரு. இந்த ஒரு பாடு நல்லா வுழுந்துச்சின்னா சொந்தமா வலை பின்ன நூலு வாங்கிடுவோம்."

மாமனார் வலையை இரவல் கேட்டிருக்கிறார்களாம். வலை கட்டும் குச்சிகூட அவள் புருஷனே புதிதாகச் சவுக்கு வெட்டி வைத்திருக்கிறாராம். வருகிற வாரம் என்றாள். அந்த வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மீன்பிடி என்றால் தண்ணீரில்தானே. நமக்கு அதில் என்ன என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் ஒருநாள் காலையில் கடைசி நடை கல் ஏற்றிப்போனேன். வேலையாட்கள் கல்லை இறக்கிக்கொண்டு குழி தோண்ட ஆரம்பித்தார்கள். நைனா, "நேரா ஊட்டுக்கு வந்துடு" என்று சொல்லியிருந்தார். வண்டி காலி. வெயில் ஏறியிருந்தாலும் காற்று நன்றாக இருந்தது. ஒரே ஒரு சுற்று என்று தரைக்குத் திருப்பினேன்.

வழக்கமான தடத்தைத் தாண்டி, தோணிரேவு பக்கமாகப் புதிதாக ஒரு குச்சி வரிசை தெரிந்தது. நேர்த்தியான சவுக்குக் குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் துணி. புதுத் தடம் போட்டிருக்கிறார்கள், எங்கே போகிறது என்று பார்ப்போம் என எனக்கு ஒரே சந்தோஷம். வரிசையை ஒட்டி வேகமாக விட்டேன். நான்காவது குச்சியா ஐந்தாவதா தெரியவில்லை, முன்சக்கரம் இரண்டும் அப்படியே உள்ளே போயிற்று. நான் ஸ்டீயரிங்கில் போய் மோதினேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குச்சி இருக்கிறது, தரை இல்லை. 'இதை'ப் போட்டேன். சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி என் முகத்தில் அடித்தது. 'அதை'ப் போட்டேன். பின்சக்கரமும் உள்ளே உட்கார்ந்தது. இறங்கினால் முழங்கால்வரை களி. செருப்பு போன இடம் தெரியவில்லை.

குப்பத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் மீன் கொண்டுவருகிறவளின் புருஷன்தான். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் பெரியவன் இருப்பான். திட்டுவான் என்று நினைத்தேன். வண்டியைப் பார்த்தான், குச்சிகளைப் பார்த்தான், "எறங்கி அந்தாண்ட நில்லு பாப்பா" என்றான்.

"குச்சி இருந்துச்சே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"குச்சி எறங்கற எடத்துலதானே குச்சி நடுவோம்?" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று அவனுக்குத்தான் புரியவில்லை.

அந்த நொடியில்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. அதுதான் அந்த வாய்க்கால். அன்றுதான் அவனுடைய பாடு. தண்ணீர் வற்றியிருக்கும்போது குச்சியை நட்டுவிட்டு, மதியத்துக்குமேல் தண்ணீர் ஏறி, மாலையில் இறங்கும்போது குறுக்கே வலை கட்டுவார்கள். அவன் வலை கட்ட வேண்டிய இடத்தில், குறுக்கே, எங்கள் ஜீப் உட்கார்ந்திருந்தது.

"வண்டி கெடக்கட்டும். நீங்க வலைய கட்டுங்க" என்று சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது சத்தியம் செய்ய முடியவில்லை. வயதான ஒருவர், "இரும்பு உள்ள குந்திக்கிச்சின்னா வரவனெல்லாம் வலையக் கிழிச்சிக்குவான். தண்ணி ஏறதுக்குள்ள இத்த எடுங்கடா" என்றார். கயிறு கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை. சக்கரத்துக்கு அடியில் கொடுக்கக் கெட்டியாக ஏதாவது வேண்டும். சுற்றிலும் களியைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் போய் தான் நட்ட குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தான். மஞ்சள் துணியோடு சக்கரத்துக்கு அடியில் சொருகினான்.

ஏறி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். மிதிக்கச் சொன்னார்கள், மிதித்தேன். சவுக்குகள் கீழே முறியும் சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வண்டி வெளியே வந்தபோது தண்ணீர் அவர்கள் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அதற்குமேல் குச்சி நட முடியாது, நடுவதற்குக் குச்சியும் இல்லை. கரையில் அவள் இரவல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் வண்டியை விட்டுக்கொண்டு வந்தேன்.

நைனா கேட்டார். "கல்லு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சி. அந்தக் கோடியில எறக்கலாம்னு போனேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தேகப்படவில்லை. "வேலைன்னா இப்படியும்தான் ஆவும்" என்றார். அன்று என்னால் சோறு தின்ன முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குப்பத்தில் ஊர் கூடுகிறது, வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பாடு போனவனுக்கு வேறொரு நாள் கொடுப்பதா வேண்டாமா என்று பேசத்தான் கூட்டம். நைனாவை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கோயில் எதிரே மணலில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாடு போட்டவர்களுக்குத்தான் அங்கே உட்காரும் உரிமையாம். அதனால் அவன் நின்றுகொண்டிருந்தான். பெண்கள் தள்ளி நின்றார்கள், அவளும் அங்கே இருந்தாள்.

நைனா எழுந்து, நஷ்டத்தைத் தான் தந்துவிடுவதாகச் சொன்னார். "பாடு போனதுக்குக் காசு வாங்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. குந்துங்க" என்றார் ஊர்ப்பெரியவர். பிறகு அவனைப் பார்த்து, "வண்டி வேலையாத்தானே வந்துச்சி? உள்ள இன்னா இருந்துச்சி?" என்று கேட்டார்.

"கல்லு இருந்துச்சி. நாங்கதான் எறக்கிப் போட்டு இழுத்தோம்" என்றான் அவன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலி வண்டி என்று இழுத்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நைனா பெருமையாகத் தலையாட்டினார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இவன் என் மானத்தைக் காப்பாற்றுகிறான். தன் பாடும் போய், எனக்காகப் பொய்யும் சொல்கிறான். என் வீட்டில் சொன்ன பொய்யை இவன் எங்கிருந்து தெரிந்துகொண்டான்? ஒரு பக்கம் உருகிப்போனேன். இன்னொரு பக்கம் அவமானமாக இருந்தது. இவ்வளவு நல்லவனுக்கு முன்னால் நான் மட்டும் ஒளிந்துகொண்டிருக்கலாமா? வண்டியிலிருந்து இறங்கிப் போய் நடுவில் நின்றேன்.

"கல்லு இல்லீங்க. வண்டி காலி. நான் சும்மா சுத்தத்தான் வந்தேன். அவரு மேல தப்பே இல்ல" என்றேன். என் பத்தொன்பது வயதில் அவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதே இல்லை.

யாரும் என்னைப் பாராட்டவில்லை. ஊர்ப்பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். ஆனால் அவன் பார்த்த பார்வையை எதிர்பார்க்கவில்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியதுபோல நின்றான்.

"இன்னாத்துக்குமா வாயத் தொறந்தே?" என்றார் பெரியவர். "வேலையா வந்த வண்டி மாட்டிக்கிச்சின்னா அது காத்து மழ மாதிரி. யாரு மேலயும் தப்பு இல்ல. வருசக் கடைசில அவனுக்கு ஒரு நாளு ஊரே ஒதுக்கிக் குடுக்கும். வெளையாட்டுக்கு வந்து அழிச்சிட்டேன்னா அது உங்க ரெண்டு ஊட்டு வழக்கு. அதுக்கு ஊரு பாடு குடுக்காது. அது எங்க அப்பன் பாட்டன் வச்ச முறை."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"எங்களுக்கு மட்டும் காலி வண்டின்னு தெரியாதா? எல்லாரும் கண்டுக்காம இருந்தோம். நீ நடுவுல நின்னு சொல்லிட்டே. இனி காதுல வுழலன்னு சொல்ல முடியாது." அவனைப் பார்த்தார். பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்: "ஊருக்கு நடுவுல பொய் சொன்னவன் பேரு அடுத்த சீட்டுல வராது. அதுவும் முறைதான்."

ஒரு நாள் போயிருந்தது. நான் வாய் திறந்ததும் அந்த நாளுக்குப் பதில் வரவிருந்த நாளும் போயிற்று, அடுத்த வருடமும் போயிற்று. எல்லோரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கலைந்தார்கள். என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகப் புரியவில்லை. உண்மையைச் சொன்னேன், அவன் தண்டனை வாங்கினான், என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. இதில் எது எதனால் என்று நடந்து வரும்போதே தலைக்குள் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன்.

நைனா வண்டியில் ஏறாமல் கரையோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் தனியாக வண்டிக்குப் போனபோது அவள் வந்து நின்றாள்.

"அவரு எனக்காகப் பொய் சொல்றாருன்னு நெனச்சிட்டேன்மே" என்றேன்.

"ஒனக்காகவா?" அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் நின்றும் போயிற்று. "கல்லுன்னு சொல்லுடா, ஒரு நாளு வாங்கித் தரோம்னு பெரியவங்களே சொல்லிக் குடுத்தாங்க. நீ யாருன்னுகூட அவரு யோசிக்கலமே."

"மனசு கேக்கல. அதான் சொல்லிட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"சொன்ன ஒடனே மனசு லேசாச்சா?"

ஆகியிருந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம், நான் சொல்லி முடித்த அந்த நொடியில் சுத்தமாக இறங்கியிருந்தது.

"இல்ல" என்று சொன்னேன்.